ஆவுடையின் சம்பந்தி

ஆவுடையம்மாளின் காதுக்குள் பதினெட்டு வருஷமாகக் குடியிருந்த குரல் வெளியே வந்து எங்கள் சமையல்கட்டுப் புகைபோக்கியில் ஏறி உட்கார்ந்த அந்தச் செவ்வாய்க்கிழமை, நான் வைத்த சாம்பாரில் உப்பு ஒரு கல் தூக்கல் என்று ஊரில் இன்றைக்கும் சொல்கிறார்கள். சொல்லட்டும். குறை சொல்கிறவர்கள் சாப்பிட்டவர்கள். சாப்பிடாதவர்கள் எந்தக் காலத்திலும் உப்பைப் பற்றிப் பேசியதில்லை என்பது, பதினாலு வருஷமாக அந்தக் காப்பகத்தில் உலை வைக்கிற எனக்குத் தெரியும்.

காப்பகம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கரிசல்விளைக்குத் தெற்கே, பஞ்சு ஆலை ஓடி மூடிப்போன பழைய கட்டடம், அதில் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாமல் கொண்டுவந்து விட்ட இருபத்திரண்டு பெண்கள், ஒரு நர்ஸ், ஒரு காவலாளி, ஒரு சமையல்காரி. சமையல்காரி சொர்ணம் நான்தான். செவ்வாய்தோறும் டவுனிலிருந்து டாக்டர் எபனேசர் ஸ்கூட்டரில் வருவார். ஊர்க்காரர்கள் எங்கள் கேட்டைத் தாண்டும்போது பிள்ளைகளை அந்தப் பக்கமாக மாற்றி நடத்திக்கொண்டு போவார்கள்.

ஆவுடைக்கு நாற்பத்துநாலு வயது, கண்ணுக்குக் கீழே இரண்டு குழி, கையில் வளையல் நிற்காத ஒல்லி. அவள் காதில் இருந்த குரல் மூன்றே மூன்று வாக்கியம்தான் சொல்லும். சோத்துல விஷம். எல்லாரும் ஒன்னயத்தான் பேசுதாவ. நீ இருந்து என்னத்துக்கு. இதையே காலையில், மத்தியானத்தில், பல் தேய்க்கும்போது, துணி உலர்த்தும்போது, மாத்திரையின் வேகத்தில் கொஞ்சம் முனகலாக, மாத்திரை தவறினால் ஓங்கி, பதினெட்டு வருஷம். அவள் மகள் கோமதிக்கு அஞ்சு வயதாக இருக்கும்போது அந்தக் குரலின் பேச்சைக் கேட்டு ஆவுடை பிள்ளையின் தட்டைப் பிடுங்கிக் கிணற்றில் எறிந்தாள், மறுநாளும் எறிந்தாள், கதவைப் பூட்டிக்கொண்டு நாலு நாள் பிள்ளையை எதையும் தின்னவிடாமல் மடியில் இறுக்கி வைத்திருந்தாள். கதவை உடைத்து உள்ளே போனபோது பிள்ளைக்கு மூச்சு மட்டும்தான் இருந்ததாம். பெற்ற பிள்ளையைப் பட்டினி போட்டுக் கொல்லப் பார்த்தவள் என்று பேராகிவிட்டது. கோமதியை அவள் அத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்தக் கோமதி இந்த வருஷம் பத்திரிகையோடு வந்து நின்றாள். தை மாதம் கல்யாணம். வாசல் பெஞ்சில் அம்மாவுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, ஆவுடை நீட்டிய கடலைமிட்டாயைக் கையில் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், வாயில் போடவில்லை. போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"சித்தி, அம்மா வரட்டும். வரணும்னுதான் எனக்கும் ஆசை. ஆனா பால் பழம் குடுக்கது, ஊட்டுதது, அதெல்லாம் வேண்டாம். அம்மா கை வாய்க்கிட்ட வந்தா எனக்கு இன்னும் தொண்ட அடைக்கி."

தாலி கட்டியதும் பெண்ணுக்கு முதல் கரண்டி பால்பழம் பெற்றவள்தான் ஊட்ட வேண்டும். அது இல்லையென்றால் அவள் அங்கே தாயாக நிற்கவில்லை, விருந்தாளியாக நிற்கிறாள் என்று அர்த்தம். பிள்ளையைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. டாக்டரோ கல்யாணத்துக்கு அனுப்பவே ஒரு நிபந்தனை வைத்திருந்தார்: ஒரு மாதம் மூன்று வேளையும் சாப்பிட்டு, உடம்பு கொஞ்சம் தேறினால்தான் பயணம். ஆவுடை அன்றைக்கு ராத்திரி அரை இட்லி தின்றாள்.

இதற்கிடையில்தான் டாக்டர் சென்னையில் ஏதோ கூட்டத்துக்குப் போய்வந்து, மாத்திரையோடு சிரிப்பையும் சேர்த்துக் கொடுத்தால் நல்லது என்று சிரிப்பு வகுப்பு ஆரம்பித்தார். தங்கமான மனுஷன், ஆனால் சிரிக்கவைக்கிற வேலைக்கு அவரைவிட என் அம்மிக்கல் தேவலை. நோட்டைப் பார்த்து ஒரு ஜோக் வாசிப்பார், வாசித்து முடித்ததும் அது ஏன் சிரிப்பு என்று விளக்குவார், விளக்கி முடித்ததும் வேர்வையைத் துடைப்பார். இருபத்திரண்டு பேரும் அவரைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். அப்படி நாலு செவ்வாய் போனது. ஐந்தாவது செவ்வாய் அவர் நோட்டை மூடி வைத்துவிட்டார்.

"ஆவுடையம்மா, அந்தக் குரல் யார் மாதிரி பேசும்?"

"மாப்பிள்ள வீட்டுச் சம்பந்தி மாதிரி, டாக்டர். என்ன வச்சாலும் நொட்ட சொல்லும்."

மூலையிலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "அப்பம் ஏசிர வேண்டியதுதானளா" என்றேன் நான், கையில் கரண்டியோடு. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் நலுங்கு முடிந்ததும் பெண்வீட்டுப் பெண்கள் சம்பந்தியம்மாளை முகத்துக்கு நேரே பாட்டில் ஏசுவார்கள். அதற்கு ஏசல் என்று பேர். எவ்வளவு காரமாக ஏசினாலும் கேட்கிறவள் கோபப்படக் கூடாது. கோபப்பட்டால் தோற்றாள், கூடச் சேர்ந்து சிரித்தால் ஜெயித்தாள். ஆவுடை குமரியாக இருந்தபோது சுற்றுப்பட்டு ஊர்களில் அவளை ஏசல் பாடவென்றே வண்டி வைத்துக் கூட்டிப் போவார்களாம். அது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவள் எழுந்து, முந்தானையை இடுப்பில் செருகி, ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து, தன் காதைப் பார்த்தே பாடினாள்.

*"சம்பந்தி வந்தாவ சாயங்காலம் வண்டியில
சாம்பார் வாசத்துக்கே சடவோட எறங்குனாவ
வெஷமின்னு சொன்னசோத்த வெளக்கணைச்சுத் தின்னாவ
வெடியுமுன்ன பானையையும் வழிச்சு நக்கிப் போனாவ!"*

இருபத்தோரு பெண்களும் சிரித்தார்கள், டாக்டர் எதற்கென்று புரியாமல் சிரித்தார், கடைசியில் ஆவுடையே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சிரித்த சிரிப்பில், குளித்துவிட்டு வந்தால் காதிலிருந்து வெதுவெதுப்பாகத் தண்ணீர் இறங்குமே, அதுபோல அந்தக் குரல் அவள் இடது காதிலிருந்து இறங்கி, தரையில் கொஞ்சம் தடுமாறி, சுவரைப் பிடித்து ஏறி, என் சமையல்கட்டுப் புகைபோக்கியில் போய் உட்கார்ந்துகொண்டது. கண்ணுக்குத் தெரியவில்லை. ஆணா பெண்ணா என்றும் தெரியவில்லை. ஆனால் தெளிவாக, மைக்கில் பேசுகிற மாதிரி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னது: "சோத்துல விஷம்."

நர்ஸ் பதிவேட்டை எடுத்து, குரல் ஒன்று, இருப்பிடம் புகைபோக்கி, நேரம் மூன்றேகால் என்று எழுதினாள். எனக்கு மட்டும் ரத்தம் கொதித்தது. என் சோற்றையா? கரண்டியை ஓங்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். பின்னாலேயே வந்த ஆவுடை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒனக்குக் கேக்குதா, சொர்ணம்?"

"கேக்கு."

"நெசமா கேக்குதா?"

"நெசமாத்தான் கேக்கு. கேக்காம பின்ன எதுக்குக் கரண்டியத் தூக்கிட்டு நிக்கேன்?"

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். பதினெட்டு வருஷத்தில் அந்த வார்த்தையை அவளிடம் யாருமே சொன்னதில்லை. அழுது முடித்து, முகம் கழுவி வந்து, மூன்று தடவை சோறு வாங்கித் தின்றாள்.

மறுநாள் குரல் ஊருக்குள் போய்விட்டது. பால் சொசைட்டிக் கூரையில் ஒரு நாள், பள்ளிக்கூடத்து மணியில் ஒரு நாள், டீக்கடை பாய்லர் மேல் ஒரு நாள் என்று மாறி மாறி உட்கார்ந்து அந்த மூன்றையும் சொன்னது. கரிசல்விளைக்காரர்கள் முதலில் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, வெயில் மாதிரி மழை மாதிரி இது ஒரு புதுத் தொந்தரவு என்றுதான் நினைத்தார்கள், கிராம நிர்வாக அதிகாரி கூட இதற்குத் தனிப் படிவம் கிடையாது, வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுங்கள் என்றார். ஆனால் விஷம் என்கிற வார்த்தையை ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்டுவிட்டு உருண்டையை வாய்க்குக் கொண்டுபோவது லேசில்லை. புருஷன்மார் பெண்டாட்டி தின்ற பிறகு தின்றார்கள், பெண்டாட்டிமார் கோழிக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத் தின்றார்கள், பதினைந்து நாளில் ஊரில் கோழி மட்டும்தான் பெருத்திருந்தது. பள்ளிக்கூடத்தில் சத்துணவு அப்படியே திரும்பியது. எல்லோரும் தன்னையே பேசுகிறார்கள் என்று ஆளுக்கு ஆள் நினைத்ததால் தெருவில் இரண்டு பேர் சேர்ந்து நிற்பது நின்றுபோனது, ஜன்னல்களைச் சாத்தினார்கள், கோயில் வரி கேட்டுப் போனவர் ஒற்று பார்க்க வந்தார் என்று அவர் மேல் நாயை அவிழ்த்துவிட்டார்கள். மூன்றாவது வாக்கியத்தைப் பற்றி யாரும் வெளியே பேசவில்லை. ஆனால் கிணற்று மேடைகளில் பலகை போட்டு மூடிவிட்டார்கள் என்பதை நான் பார்த்தேன்.

பதினைந்தாம் நாள் பஞ்சாயத்துத் தலைவர் வெள்ளத்துரை ஏழெட்டுப் பேரோடு எங்கள் கேட்டுக்கு வந்தார். சட்டை தோளில் தொங்கியது, கண்ணுக்குக் கீழே இரண்டு குழி.

"டாக்டரய்யா, தப்பா நெனைக்கக் கூடாது. அது அந்தம்மாவோட பொருளு. திருப்பி எடுத்துக்கிடச் சொல்லுங்க. பதினெட்டு வருசமா அவியளுக்குப் பழக்கம். எங்களால பதினஞ்சு நாளு தாங்க முடியல."

நான் ஆவுடையைப் பார்த்தேன். பதினைந்து நாளில் அவள் கையில் வளையல் நின்றிருந்தது. கன்னத்தில் கொஞ்சம் சதை. கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம். ஊர்ப் பெரியவர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து கேட்கும்போது, எதற்கும் சரி சரி என்று தலையாட்டியே பழகிய இவள் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்து அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். அவள் ரொம்ப நேரம் அவர்களைப் பார்த்தாள்.

"சாப்பிட்டு எத்தன நாளாச்சு, அண்ணாச்சி?"

"ரெண்டு நாளா வெறும் தண்ணிதான்" என்று சொல்லும்போதே தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"எடுத்துக்கிட மாட்டேன், அண்ணாச்சி. எனக்கு மக கல்யாணம் இருக்கு. ஏச வேணும்னா சொல்லித்தாரேன்."

அப்படித்தான் எங்கள் கேட்டு திறந்தது. இருபத்திரண்டு பெண்களும் இரண்டிரண்டு பேராகக் கரிசல்விளையின் வீடு வீடாகப் போனார்கள், பிள்ளைகளை அந்தப் பக்கமாக மாற்றி நடத்திய அதே வீட்டுக்காரர்கள் முற்றத்தில் பாய் விரித்து அவர்களை உட்காரவைத்தார்கள், இவர்கள் குரலோடு குடித்தனம் செய்வது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஓடக் கூடாது. கெஞ்சக் கூடாது. நீ யார் என்று கேட்டு விவாதம் பண்ணக் கூடாது, அது விடியவிடியப் பேசும். சம்பந்தி என்று நினைத்து ஏச வேண்டும். விஷம் என்றால் அந்தப் பழைய பாட்டு. எல்லாரும் ஒன்னயத்தான் பேசுதாவ என்றால் அதற்கு ஒன்று:

*"ஊரெல்லாம் பேசுதுன்னு ஓடிவந்து சொன்னாவ
ஊருக்கும் வேலையில்ல, ஒங்களுக்கும் வேலையில்ல!"*

மூன்றாவதற்கு என்ன பாட்டு என்று தலைவரின் மனைவி மெதுவாகக் கேட்டாள்.

"அதுக்குப் பாட்டு கெடையாது, மதினி" என்றாள் ஆவுடை. "அதச் சொன்னா எந்திரிச்சி அடுத்த வீட்டுக்குப் போயி உக்காந்துரணும். ஒண்ணும் பேச வேண்டாம். சும்மா உக்காந்தா போதும்."

அந்த வாரம் கரிசல்விளையில் ஒரு வீட்டிலும் ஒற்றை ஆள் இல்லை. எவன் வீட்டில் எவன் உட்கார்ந்திருக்கிறான் என்று கணக்கே கிடையாது. மெல்ல அடுப்புகள் எரிந்தன. குரல் பாய்லர் மேலிருந்து விஷம் என்னும், கீழே டீ குடிக்கிறவர்கள் ராகம் இழுத்து நக்கிப் போனாவ என்பார்கள், அது குரலை உயர்த்தும், அவர்கள் இன்னும் சிரிப்பார்கள். சம்பந்திக்குக் கோபம் வந்துவிட்டது. ஏசலில் கோபப்பட்டால் தோற்றது என்று அர்த்தம். ஒரு வெள்ளிக்கிழமை காலை, வாழ்நாளில் முதல் தடவையாக, நாலாவது வாக்கியம் ஒன்றைச் சொன்னது: "நான் போறேன்."

இங்கேதான் நாங்கள் புத்தி கெட்டுப்போனோம். எங்கள் ஊரில் சம்பந்தி கோவித்துக்கொண்டு கிளம்பினால் பார்த்துக்கொண்டு நிற்கிறவர்கள் மனுஷர்களே இல்லை. பின்னாலேயே ஓட வேண்டும், வழியை மறிக்க வேண்டும், தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து நீட்டி, மனசில் வச்சுக்கிடாதீக என்று சொல்ல வேண்டும். தலைமுறை தலைமுறையாக ஓடி ஓடிப் பழகின கால்கள். நான் போறேன் என்கிற வார்த்தையைக் கேட்டதும் அந்தக் கால்கள் தாமாகவே ஓடின, தலைவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார், டீக்கடைக்காரர் ஓடினார், நான், இந்தச் சொர்ணம், கையில் தாம்பாளத்தோடு எல்லோருக்கும் முன்னால் ஓடினேன். ஊர் எல்லைப் புளியமரத்தடியில் அதை மறித்து, தாம்பாளத்தை நீட்டினேன், வழக்கமாகச் சொல்கிறதை வாய் தானாகச் சொன்னது: "மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாம, அவசியம் கல்யாணத்துக்கு வந்துரணும்."

தாம்பாளத்திலிருந்த வெற்றிலை மட்டும் காணாமல் போனது. அந்த மாதத்தில் எங்களுக்குத் தெரிந்து இருந்தது ஒரே கல்யாணம்.

திரும்பி வந்து ஆவுடையின் காலடியில் உட்கார்ந்தேன். சொன்னேன். அவள் திட்டியிருந்தால் பரவாயில்லை. "அப்பம் நான் போகல, சொர்ணம்" என்றாள். "நான் போனா அதுவும் வரும். அவ பந்தல்ல வந்து விஷம்னு சொல்லும். ஒரு தடவ அவளுக்குப் பண்ணினது போதும்." அன்றைக்கு மத்தியானம் அவள் சாப்பிட இலை எடுக்கவில்லை. அடுத்த நாள் பாதி. என் வாயை நானே தைத்துக்கொண்டால் என்ன என்று இருந்தது.

டாக்டர்தான் வந்து உட்கார்ந்து சொன்னார்: "நீங்க போகலைன்னாலும் அது போகும், ஆவுடையம்மா. வெத்தல எடுத்தாச்சு. அது மட்டும் போயி, நீங்க போகாம இருந்தா, அங்க அத ஏசுறதுக்கு ஆள் யாரு? மாத்திரைய மட்டும் விட்டுராதீங்க." அந்த மனுஷன் வாழ்க்கையில் சொன்ன ஒரே சிரிப்பு அதுதான், அவர் சிரிப்புக்காகச் சொல்லவில்லை என்றாலும்.

கல்யாணத்தன்று பஸ்ஸில் ஆவுடை என் கையைப் பிடித்த பிடியில் என் விரல் வெளுத்துவிட்டது. பஸ் கூரை மேல் ஏதோ உட்கார்ந்திருப்பது எங்களுக்குத் தெரிந்தது. மண்டபத்தில் நாயனக்காரர்களுக்கு மேலே, மின்விசிறிக் கம்பியில் அது போய் அமர்ந்துகொண்டது. தாலி கட்டும் வரை வாயே திறக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

பால்பழக் கிண்ணம் வந்தது. கோமதியின் அத்தை அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, கொடுப்பதா வேண்டாமா என்று ஆவுடையைப் பார்த்தாள், கோமதியைப் பார்த்தாள். கோமதி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் மேலேயிருந்து, அந்தக் கூட்டம் முழுவதும் கேட்கும்படி, அது சொன்னது.

"பால்ல விஷம். புள்ளைக்குக் குடுக்காத. செத்துப் போவும்."

நாயனம் நின்றது. மாப்பிள்ளை வீட்டார் எழுந்துவிட்டார்கள். அத்தை கிண்ணத்தைக் கீழே வைத்தாள். ஆவுடை மேலே பார்த்து, "சம்பந்தி வந்தாவ" என்று ஏச ஆரம்பித்தாள், அதற்கு மேல் காற்றுத்தான் வந்தது. பாட்டு ஒன்றும் வரவில்லை. கோமதி நிமிர்ந்து கம்பியைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள். முகம் மாலைப் பூவைவிட வெளுத்திருந்தது.

"அம்மா. இதத்தான் அன்னைக்குக் கேட்டியா?"

"ஆமா."

"இதே மாதிரியா?"

"இதே மாதிரிதான். நீ செத்துப் போவன்னுச்சு. அதான் தட்டப் பிடுங்கினேன். அதான் மடிய விட்டு எறக்கல."

"நாலு நாளும் சொல்லிச்சா?"

"நிறுத்தவே இல்ல, தாயி."

குரல் மறுபடி விஷம் என்றது, கோமதிக்கும் பயம்தான், எனக்கு நன்றாகத் தெரிந்தது. பிறகு அவள் கம்பியை அண்ணாந்து பார்த்து, மணப்பெண் பேசக்கூடாத சத்தத்தில் சொன்னாள்: "சம்பந்தி, பந்தி தெக்குப் பக்கம் நடக்கு. போயி எல போட்டு உக்காருங்க. இங்க எங்க அம்மா எனக்குப் பால் குடுக்கப் போறாவ."

சொல்லிவிட்டு வாயைத் திறந்தாள். ஆவுடை ஊட்டினாள், பாதிப் பால் கோமதியின் தாடையிலும் கூறைச்சேலையிலும் வழிந்தது, மீதி உள்ளே போனது. கோமதி விழுங்க ரொம்ப நேரம் எடுத்தாள். கூட்டம் மொத்தமும் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தது. விழுங்கினாள். அதற்குப் பிறகும் யாரும் சிரிக்கவில்லை, மாப்பிள்ளை மட்டும் மெதுவாக, "எனக்குக் கெடையாதா, அத்த?" என்றார். அப்போதுதான் எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியபோது மின்விசிறிக் கம்பியில் எதுவும் இல்லை.

சாயங்கால பஸ்ஸில் திரும்பினோம். ஆவுடை ஜன்னலோரம் உட்கார்ந்து, தாம்பூலப் பையை மடியில் வைத்துக்கொண்டு, வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பாதி வழியில் அவள் தலை ஒரு பக்கமாகச் சாய்வதைப் பார்த்தேன். அந்தச் சாய்வு எனக்குத் தெரியும். பதினாலு வருஷம் பார்த்த சாய்வு.

"வந்துட்டா?"

"வந்துட்டு."

"எதுல?"

"வலது காதுல."

என்ன சொல்கிறது என்று கேட்க எனக்குத் தைரியம் வர இரண்டு ஊர் கடந்தது. கேட்டேன். அவள் கையை உயர்த்தி, பொறு என்று காட்டி, கண்ணை மூடிக்கொண்டு கவனமாகக் கேட்டாள்.

"பால்ல சீனி கொஞ்சம் தூக்கலாம்."